குடியிருப்பைத் தேடி வரும் நரி: வீட்டுப் பிராணிகளைக் காக்கும் வழி

பாளையங்கோட்டைக்குத் தெற்கிலும் கிழக்கிலும், ரெட்டியார்பட்டி, வி.எம்.சத்திரம், கே.டி.சி. நகர் என்று ஊர் வளர்ந்து சென்ற பக்கங்களில், கடைசி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினால் உடைமரக் காடும் தரிசுமாகவே நிலம் கிடக்கிறது. முந்தைய தலைமுறை மானாவாரிப் புஞ்சையாகவும் பனை வடலியாகவும் பார்த்த மண்ணில் மனையிடங்கள் பிரிக்கப்பட்டு வீடுகள் எழுந்துவிட்டன. ஆனால் அந்த மண்ணில் இரை தேடிப் பழகிய நரி அங்கிருந்து குடிபெயர்ந்து போய்விடவில்லை. அந்தி மயங்கும் நேரத்தில் ஊளை கேட்பதும், விடியற்காலையில் கூட்டிலிருந்த கோழிகள் குறைந்திருப்பதும், பூனைக்குட்டி ஒன்று காணாமல் போவதும் ஊரோரத்துக் குடும்பங்களைக் கலங்க வைக்கின்றன. வீட்டில் வளரும் உயிரை இழந்தவரின் கோபம் நியாயமானதே. அந்த இழப்பு மறுமுறை நேராமல் தடுக்க வேண்டுமானால், நரி எதைக் கணக்கிட்டு வீட்டருகே வருகிறது, எதைக் கண்டால் விலகுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்துச் சமவெளியில் இரண்டு வகை விலங்குகள் நரி என்ற பெயரிலேயே வழங்குகின்றன. ஒன்று இந்திய நரி. இரண்டு முதல் நான்கு கிலோ எடையே உள்ள, மெலிந்த கால்களும் கரிய நுனி கொண்ட அடர்ந்த வாலும் உடைய இவ்விலங்கு, திறந்த புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் பல வாசல்கள் வைத்து வளை தோண்டி வாழ்கிறது. கறையான், வண்டு, வெட்டுக்கிளி, எலி, ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, இலந்தைப் பழம் ஆகியவை அதன் உணவு. மற்றொன்று பொன்னிறக் குள்ளநரி. பெரும்பாலும் ஏழு முதல் பதினொரு கிலோ வரை எடை கொண்ட இது, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. ஆணும் பெண்ணும் இணையாக ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு வாழும், சேர்ந்தே ஊளையிட்டு அந்த எல்லையைப் பிற நரிகளுக்கு அறிவிக்கும். வீட்டுப் பிராணிகளைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. வளர்ந்த கடுவன் பூனையின் எடையே உள்ள இந்திய நரி அப்பூனையோடு மல்லுக்கு நிற்க எந்தக் காரணமும் இல்லை. கோழிக்குஞ்சும் முயல்குட்டியுமே அதற்கு எட்டும் இரை. குள்ளநரியோ இணையாக வரும்போது சிறு நாயைக்கூட மடக்கிவிட வல்லது.

வேட்டையாடும் விலங்கு எதுவானாலும் அது பலத்தை மட்டும் பார்ப்பதில்லை. இரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு, அதைப் பிடிக்கச் செலவாகும் ஆற்றல் எவ்வளவு, பிடிக்கும்போது காயம்படும் அபாயம் எவ்வளவு என்ற மூன்றும் அதன் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. கண்ணிலோ காலிலோ காயம்பட்ட நரி அடுத்த சில நாள்கள் இரை பிடிக்க முடியாமல் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். ஆகவே நகத்தோடும் பல்லோடும் எதிர்த்து நிற்கும் பூனையையும், தன்னைவிடப் பெரிய கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாய்களையும் அது தவிர்க்கிறது. ஆபத்து இருப்பது பூனைக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும், முயல், புறா, கோழி, வாத்து ஆகியவற்றுக்கும், பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்குமே. இவற்றோடு நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஓர் உயிரும் உண்டு: இரவு முழுவதும் முற்றத்தில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்ட நாய். ஓடவும் முடியாமல், திரும்பிப் பாயும் அளவுக்குச் சங்கிலி நீளமும் இல்லாமல் நிற்கும் நாயிடம், எதிர்த்து நிற்கும் விலங்குக்கு உரிய பாதுகாப்பு எதுவும் மிஞ்சுவதில்லை.

கோழி செத்துக் கிடந்தால் உடனே நரியின் மேல் பழி போடுவதும் சரியாகாது. தெருநாய் கொன்றால், உடல் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். தொடையிலும் விலாவிலும் பல இடங்களில் கடித்துக் குதறிய காயங்கள் இருக்கும். நரி இரையைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விடுவதால், சிறகுகள் மட்டும் கொத்துக் கொத்தாக எஞ்சும். அவற்றின் அடித்தண்டு பற்களால் வெட்டுண்டிருக்கும். மரநாய் ஓட்டுக்கூரை வழியாக இறங்கும். கீரி பெரும்பாலும் பகலில் வரும். ஈர மண்ணில் பதிந்த தடமும் உதவும்: பூனையினத்தின் தடத்தில் நகக்குறி இராது, நாயினத்தில் இருக்கும். குள்ளநரியின் பாதம் நாயின் பாதத்தைவிடக் குறுகலாக, நீள்வட்டமாகப் பதிவதோடு, நடு விரல் மெத்தைகள் இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். பாபநாசம், மணிமுத்தாறு போன்ற மலையடிவார ஊர்களில் இரவில் பெரிய நாய் காணாமல் போனால் நினைக்க வேண்டியது நரியை அல்ல, சிறுத்தையை; அதற்குரிய நடவடிக்கை வேறு, அதை வனத்துறையே எடுக்க வேண்டும்.

நரியைக் குடியிருப்புக்கு அழைத்து வருவது பெரும்பாலும் கோழியல்ல, குப்பை. இறைச்சிக்கடைக் கழிவை வாய்க்கால் கரையிலும் குளத்து ஓரத்திலும் கொட்டும் வழக்கம் நெல்லை மாநகராட்சியின் நான்கு மண்டலங்களிலும் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், எதிர்ப்பே இல்லாமல் கிடைக்கும் உணவு இது. நாயினத்தைச் சேர்ந்த விலங்குகளுக்கு இடத்தையும் வாசனையையும் இணைத்து நினைவில் வைக்கும் திறன் கூர்மையானது. தின்றது போக மிஞ்சியதை மண்ணில் புதைத்துவைத்துப் பின்னர் தேடி எடுக்கும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு. ஒருமுறை பயன் கண்ட இடத்துக்கு அவை மீண்டும் மீண்டும் வருவது இதனால்தான். அப்படி வரும் வழியில், முற்றத்தில் இரவெல்லாம் கிடக்கும் நாய்ச்சோற்றுத் தட்டு, கூட்டுக்கு அருகே சிந்திய தவிடு, அந்தத் தவிட்டைத் தின்ன வரும் எலி, அந்த எலியைத் தொடர்ந்தால் எதிர்ப்படும் கூடு என்று ஒன்றன்பின் ஒன்றாக அதற்குப் பழக்கமாகின்றன. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் செந்நரிகள் மிக நெருக்கமாகப் பெருகியதற்கு வீட்டுக்காரர்கள் விரும்பி வைத்த உணவு முக்கியக் காரணமாக இருந்தது. 1994இல் சொறிநோய் அங்கே நுழைந்தபோது நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட நரிகள் அழிந்தன. இரக்கத்தால் நரிக்குச் சோறு வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டுக்குள் புகுந்த நரி ஒரு கோழியோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொன்று போடுவதைக் கண்டவர்கள், அது வெறியினால் கொல்கிறது என்று கருதுகிறார்கள். விலங்கு நடத்தை அறிஞர் ஹான்ஸ் குரூக் 1972இல் இந்த மிகைக்கொலையை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஊனுண்ணியிடம் பசி வேறு, வேட்டைத் தூண்டல் வேறு. வயிறு நிறைந்தாலும், எதிரே இரை படபடக்கும் வரை பாய்ந்து கடிக்கும் செயல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். காட்டில் ஒன்றைப் பிடிக்கும்போது மற்றவை தப்பிவிடுவதால் இந்தத் தூண்டல் தானாகவே அடங்கிவிடுகிறது. அடைத்த கூட்டில் தப்பிக்க வழியில்லை. கோழிக்கோ இருட்டில் பார்வை மிகவும் குறைவு, ஆகவே இடம் விட்டு நகரவும் தெரியாமல் சிறகடித்துக்கொண்டு நிற்கும். நரியின் விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், சிறு வெளிச்சமும் அதற்குப் போதுமானதாகிறது. இரவுக் கூட்டில் நரி நுழையக்கூடிய ஒரே ஓர் ஓட்டை இருந்தாலும் அத்தனை கோழிகளும் போய்விடும் என்பது இதிலிருந்து விளங்கும். ஆகவே கூட்டின் உறுதியில் முக்கால் பங்கு என்று ஒன்று கிடையாது.

பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லை வைக்கும் பழைய முறை, வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஆள் படுத்திருந்த காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்று வெட்டவெளி முற்றத்தில் அது போதாது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஏற்றதே தவிர நரியை வெளியே நிறுத்துவதற்கு அல்ல. பல்லால் கடித்து இழுத்தால் அது கிழிந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டு மெஷ் வலையைச் சட்டத்தில் அடித்து, அடியில் ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்து, அங்கிருந்து வெளிப்புறமாக மேலும் ஓர் அடி மடக்கி விட வேண்டும். தோண்டும் விலங்கு சுவரின் காலடியிலேயே தோண்டத் தொடங்கும், பின்னால் நகர்ந்து வந்து தோண்டுவதில்லை. வெளியே மடக்கிய வலை அதன் நகத்தில் தட்டியவுடன் முயற்சியைக் கைவிட்டுவிடும். செம்மண் இளகிக் கிடக்கும் தேரிப் பகுதியில் கூட்டின் தரைக்கே சிமென்ட் போட்டுவிடுவது நல்லது. 10 செ.மீ. இடைவெளி இருந்தால் சிறு நரி உடலை நுழைத்துவிடும் என்பதால், கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கையும் பார்க்க வேண்டும். கதவுக்கு மூக்கால் நெம்பித் திறக்கக்கூடிய வெறும் கொண்டி போதாது. அழுத்தித் திருப்பித் திறக்கும் தாழ்ப்பாள் வேண்டும். கூரையையும் மூட வேண்டும், ஏனெனில் நரியைத் தடுக்க இல்லாவிட்டாலும் மரநாயைத் தடுக்க அது தேவை. பொழுது சாய்வதற்கு முன்பே கோழியை அடைப்பதும், விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகே திறப்பதும் இவை எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தரும். மனித நடமாட்டம் உள்ள இடங்களில் நரி அந்தியிலும் இரவிலும் அதிகாலையிலுமே இயங்குகிறது.

தகரத்தைத் தட்டுவது, பட்டாசு வெடிப்பது, சுழலும் விளக்கு வைப்பது ஆகியவை முதல் சில இரவுகளில் பலிக்கும். ஆனால் ஒரு சத்தம் பலமுறை கேட்டும் அதைத் தொடர்ந்து தீங்கு எதுவும் நேராவிட்டால், மூளை அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும்; பழக்கப்படல் என்று உளவியல் சொல்லும் எளிய கற்றல் இது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று நம் முன்னோர் கண்டறிந்ததும் இதைத்தான்: காற்றடித்தால் ஓயாமல் சலசலக்கும் காய்ந்த ஓலைக்கு நடுவே வளர்ந்த நரிக்கு, அந்த ஒலியால் தீங்கில்லை என்பது குட்டியிலேயே பழகிவிட்டது. சிலி நாட்டு மேட்டுநிலத்தில் மந்தைகளைச் சுற்றி மின்னும் விளக்குகளை வைத்து நடத்திய சோதனையில், அவை பூமா என்னும் பெரிய பூனையின விலங்கை விலக்கின. ஆண்டிய நரியை விலக்கவில்லை. அசைவை உணர்ந்து திடீரென எரியும் விளக்கு ஓரளவு நீடித்த பயன் தரும், அதையும் அடிக்கடி இடம் மாற்றி வைத்தால்.

நரியைக் கொன்றுவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டும். இந்திய நரியும் குள்ளநரியும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கொல்வதும், கண்ணி வைத்துப் பிடிப்பதும், விஷம் வைப்பதும் குற்றம். இறைச்சியில் கலந்த பூச்சிமருந்து நரியோடு நிற்பதில்லை. மயிலும் பருந்தும் பக்கத்து வீட்டு நாயும் அதில் சாகும். இதைவிட அடிப்படையானது எல்லைப் பிரச்சினை. ஓர் இணை பிடித்து வைத்திருக்கும் இடத்தில் பிற நரிகள் நிலைத்து வாழ முடியாது. அந்த இணையை அகற்றினால், தாயைப் பிரிந்து தனக்கென இடம் தேடி அலையும் இளம் நரி அங்கே வந்துவிடும், உணவு அங்கே அப்படியே இருப்பதால். அந்த ஊரைப் பற்றி ஒன்றும் அறியாத இளசுக்கு எந்த வீட்டில் ஆபத்து, எந்த வீட்டில் இல்லை என்பதும் தெரியாது. வயலில் பிசான நெல்லைத் துண்டிக்கும் எலிகளைத் தின்று குறைப்பதும் இதே விலங்குதான் என்பதை விவசாயக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வீட்டு நாய்க்கு நரியால் வரும் உண்மையான கேடு கடியைவிட நோய். வெறிநோய், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர், சொறி ஆகிய மூன்றும் நாய்க்கும் நரிக்கும் பொதுவானவை. இவற்றில் நாயிடமிருந்து நரிக்குப் போவதே மிகுதி. மகாராஷ்டிரத்தின் நன்னஜ் புல்வெளியில் அபி தமீம் வனக்கும் உடன் ஆய்வாளர்களும் இந்திய நரிகளை ஆராய்ந்தபோது, நாய் அருகில் இருந்தால் நரி உணவைக்கூடக் குறைவாகவே உண்டு விலகுவதைக் கண்டார்கள். தெருநாய்கள் பெருகுவதும் அவற்றுக்குத் தடுப்பூசி இல்லாததும் நம் பூனைக்குட்டிக்கும் ஊரோரத்து நரிக்கும் ஒரே நேரத்தில் எமனாக இருக்கின்றன. மூன்று மாதக் குட்டியிலிருந்து நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும் காலத்தில் டிஸ்டெம்பர் தடுப்பூசியும் போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். கால்நடை மருந்தகங்களிலும் ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் இதற்கு வழி உண்டு. பகலில் ஒரு நரியைப் பார்த்ததாலேயே அதற்கு வெறி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தள்ளாடி நடந்து, எச்சில் ஒழுக, ஆளைக் கண்டும் அஞ்சாமல் நேரே வருமானால் அருகே செல்லாமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடித்துவிட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள், தோல் கிழிந்த காயமானால் அதைச் சுற்றி, வைரஸை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவதால் வைரஸ் நரம்பில் ஏறுவது நிற்பதில்லை.

தை மாதம் முதல் பங்குனி வரை, மனையிடத்து ஓடைப் பாலத்துக்கு அடியிலோ கொட்டிக் கிடக்கும் மணல் மேட்டிலோ நரிக்குட்டிகளைக் காணும் வாய்ப்பு அதிகம். அந்த வாரங்களில் தாயும் தந்தையும் இரை தேடி அதிக தூரம் போகும், கோழிக்கூட்டையும் அதிகமாக முயலும். குட்டிகளைத் தூக்கி வந்து வளர்ப்பதும், வளையை மூடி அடைப்பதும் வேண்டாம். தாய் இரவில் திரும்பி வரும். தொந்தரவு நேர்ந்தால் குட்டிகளை வாயில் கவ்வி வேறு வளைக்கு மாற்றிவிடுவது அவற்றின் இயல்பு. அதுவரை கூட்டைச் சாயங்காலமே பூட்டி, நாய்த்தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்து, பூனைக்குட்டியை உள்ளே படுக்க வைத்தால் போதும். சில வாரங்களில் குட்டிகள் வளையை விட்டு வெளியேறிப் பெற்றோரோடு திரியத் தொடங்கிவிடும்.