ஆறுமணிக் குருவிக்கு ஆரு வழி சொன்னது?

ஐப்பசி பிறந்தா மட்டக்களப்பில எங்கட கல்லடிப் பக்கம் போனில குருவிப் படம்தான் ஓடித் திரியும். ஒருத்தர் வளவு முருங்கையில கீச்சான் வந்து குந்திட்டு எண்டு அனுப்புவார், களுவாஞ்சிகுடியில ஒரு அக்கா கரண்ட் கம்பியில தகைவிலான் வரிசையா இருக்கு எண்டு போடுவா, ஆனா எல்லாரும் காத்துக் கிடக்கிறது ஆறுமணிக் குருவிக்குத்தான். விடியவும் பொழுதுபடவும் ஆறு மணிவாக்கில ரெண்டு இழுப்பு விசில் மாதிரிக் கத்தும், அதாலதான் அந்தப் பேர்.

போன வருஷம் அது எங்கட குசினிக்குள்ளயே வந்திட்டு. விடிய தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போனா வெங்காயக் கூடைக்குப் பின்னால ஒண்டு ஒடுங்கி நிக்குது, முதுகு பச்சை, தோளில நீலம், வாலுக்குக் கீழ ரத்தச் சிவப்பு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. "மெல்லத் தூக்கு மனே, பறந்து களைச்ச சீவன்" எண்டா அம்மம்மா. கையில எடுத்தா ஒரு கோழிமுட்டைக் கனம்தான் இருக்கும். ஓட்டை போட்ட காட்போட் பெட்டிக்குள்ள இருட்டில வச்சிட்டு, பின்னேரம் மாமரத்தடியில விட்டோம், சருகுக்குள்ள ரெண்டு தத்துத் தத்தி மறைஞ்சிட்டு.

அந்த முட்டைக் கனம்தான் வடக்க இமயமலை அடிவாரத்திலயும் நடு இந்தியக் காடுகள்லயும் குஞ்சு பொரிச்சிட்டு, பருவத்துக்கு இடம் மாறி இஞ்ச வலசை வாறது. இமயமலை அடிவாரத்தில இருந்து எண்டா மட்டக்களப்புக்கு கிட்டத்தட்ட 2,500 கிலோமீற்றர். அதுவும் இரவிலதான் பறக்கும், ஏனெண்டா இரவில காத்துக் குளிர், உடம்பு சூடேறாது, பருந்து வல்லூறு தொல்லையும் குறைவு.

இதுக்கு அது எப்ப ரெடியாகுது? வடக்க ஜூன் மாசம் பகல் 14 மணித்தியாலம், மறுகா நாளுக்கு நாள் சுருங்கி டிசம்பர்ல 10 மணித்தியாலம் சொச்சத்துக்கு வந்திடும். குருவிட மூளைக்குள்ளயே வெளிச்சம் உணருற செல்கள் இருக்கு, மண்டையோட்டைத் தாண்டி உள்ள போற வெளிச்சத்தையே அது அளந்திடும், கண்ணே தேவையில்ல. பகல் சுருங்கினதும் ஹோமோன் மாறும், குருவி கண்டபடி சாப்பிடும், கொழுப்பு ஏறும். ஒரு கிராம் கொழுப்பில 9 கலோரி, மாச்சத்தில 4தான், அதால பாரம் குறைவா தூர ஓட்டத்துக்கு கொழுப்புத்தான் பெற்றோல். சில சின்னக் குருவிகள் வெளிக்கிடுறதுக்கு முந்தி தங்கட நிறையை ரெண்டு மடங்காக்கிக்கொள்ளும்.

சரி, வழி? பல இனங்கள்ல குஞ்சுகள் தாய் தகப்பன் இல்லாமத் தனியத்தான் முதல் பயணம் போகுது. 1960கள்ல ஸ்டீபன் எம்லன் எண்ட அமெரிக்க ஆய்வாளர் இன்டிகோ பன்டிங் எண்ட வலசைக் குருவிகளை, கூரையில நட்சத்திர வானம் காட்டுற கோளரங்கத்துக்குள்ள வச்சுப் பார்த்தார். மறுகா குஞ்சிலயே எடுத்து வளர்த்த சிலதுக்கு, வடதுருவ நட்சத்திரத்தைச் சுத்தாம எங்கட திருவாதிரை நட்சத்திரத்தைச் சுத்தி வானம் சுழலுற மாதிரி காட்டினார். வலசை நேரம் வந்ததும் அந்தக் குஞ்சுகள் திருவாதிரையையே வடக்கு எண்டு வச்சு, அதுக்கு எதிர்ப்பக்கம் போகப் பார்த்துதுகள். அப்ப நட்சத்திரப் படத்தோட குருவி பிறக்கல்ல, வானம் எந்தப் புள்ளியைச் சுத்துது எண்டு கூட்டில இருந்தே பார்த்துப் படிக்குது. இதை முதல்முதல் வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரையே வரல்ல.

மேகம் மூடினா? அதுக்கு பூமிட காந்தம் இருக்கு. குருவிட விழித்திரையில கிரிப்டோக்குரோம் எண்டு ஒரு புரதம் இருக்கு, அதில நீல வெளிச்சம் பட்டா நடக்கிற வேதிமாற்றத்தை காந்தப்புலம் கொஞ்சம் திருப்பிவிடும், அதை வச்சு குருவி திசையைக் கண்ணாலயே பார்க்குது எண்டுதான் ஆய்வாளர்கள் இப்ப கூடுதலா நினைக்கிறாங்க. ஜெர்மனியில ஓல்டன்பேர்க் பல்கலைக்கழக வளவுக்குள்ள ரொபின் குருவிகளுக்கு திசையே பிடிபடல்ல, கூண்டு வச்ச கொட்டிலைச் சுத்தி அலுமினியத் தகடு அடிச்சு எர்த் பண்ணின உடன சரியாப் பிடிச்சுதுகள். மின்சாதனங்கள் கக்குற ரேடியோ இரைச்சல்தான் குழப்பியிருக்கு, இது 2014ல வெளிவந்த விஷயம்.

லைட்டும் அப்படித்தான், இரவில பறக்கிற குருவி வெளிச்சத்தைக் கண்டா அதுக்குள்ள சிக்கிச் சுத்தும், கண்ணாடியில அடிபட்டுச் சாகும். எங்கட குசினிக்கு வந்ததும் அந்த இரவு முழுக்க எரிஞ்ச வெளி லைட்டாலதான் எண்டு நினைக்கிறன். இப்ப புரட்டாசி, ஐப்பசி ரெண்டு மாசமும் பத்து மணிக்குப் பிறகு அதை நிப்பாட்டிடுவம். மாமரத்தடிச் சருகையும் கூட்டி எரிக்கிறல்ல, அதுக்குள்ள கிளறித்தானே அது பூச்சி புழு பிடிக்குது.

என்னை இன்னும் விடாத கேள்வி ஒண்டு இருந்தது. மட்டக்களப்பில வருஷத்தில ஆகக் கூடின பகலுக்கும் ஆகக் குறைஞ்ச பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது, அப்ப இஞ்ச இருக்கிற குருவிக்கு திரும்பிப் போற நேரம் எப்படித் தெரியும்? ஜெர்மனியில எபர்ஹார்ட் குவின்னர் வலசைக் குருவிகளை மாசக்கணக்கா 12 மணித்தியால வெளிச்சம், 12 மணித்தியால இருட்டு எண்டு மாறாம வச்சுப் பார்த்தார். அப்பவும் அதுகள் நேரம் வந்ததும் இறகு மாத்திச்சு, கொழுத்துச்சு, இரவில கூண்டுக்குள்ள நிலைகொள்ளாமத் துடிச்சுது. வருஷக் கணக்கு உடம்புக்குள்ளயே ஓடுது, வெளிய உள்ள வெளிச்சம் அதைத் திருத்தி விடுறது மட்டும்தான்.

எங்கட வளவுக் குருவி சித்திரை வருஷப் பிறப்புக்கு முதல் நாள் பின்னேரமும் கத்தினது. மற்ற நாள் பொங்கப்பானை வைக்கக்குள்ள அம்மம்மா காதைக் குடுத்துப் பார்த்தா, மாமரத்தடியில சத்தம் இல்ல.