முன்வரிசைக்கு ஓட வேண்டாம், மிக்சர் மேசையைத் தேடுங்கள்

ஒலியமைப்பு என் தொழில். மட்டக்களப்பு வெபர் மைதானம், கல்லடிக் கடற்கரை, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே பெட்டிகளை இறக்கினாலும், நாங்கள் வயர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே சனம் கதிரை பிடிக்க வந்துவிடும். வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எங்க இருந்தா நல்லா இருக்கும்?" வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களும் இதையே கேட்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் மருமகள் பிள்ளைகளோடு புளோரிடாவுக்குப் போகப்போகிறாள், அங்கே டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் நடக்கிற இசை நிகழ்ச்சிக்கு முன்னுக்கு இடம் பிடிப்பது எப்படி என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "மாமா, ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னமே போய் நின்றா முன்வரிசை கிடைக்குமாம், போகட்டா?" ஊரில் கேட்பவருக்கும் அவளுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முன்வரிசை வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். மேடையின் இரண்டு பக்கமும் தொங்குகிற அல்லது அடுக்கி வைத்த பெரிய பெட்டிகள்தான் பாடகரின் குரலைச் சனத்துக்குக் கொண்டுபோகின்றன. அவை டோர்ச் வெளிச்சம்போல ஒரு பக்கத்துக்கு எறிபவை. தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக அவற்றை உயர்த்தி, முன்வரிசையின் தலைக்கு மேலால் போகிறமாதிரித் திருப்பி வைப்போம். அதனால் மேடைக்கு நேர் முன்னால், நடுவில், முதல் இரண்டு மூன்று வரிசையில் இருப்பவருக்கு அந்தக் குரல் சரியாக வந்து சேராது. அவருக்குக் கேட்பது டிரம்ஸின் நேரடி அடி, கிற்றார்காரரின் பெட்டி, பாடகருக்குத் தன் குரல் கேட்பதற்காக மேடை விளிம்பில் வைத்த மொனிட்டர் பெட்டியின் பின்பக்கச் சத்தம், கீழே நிலத்தில் அடுக்கிய, அடித்தொனியை எழுப்பும் பாஸ் பெட்டிகளின் அதிர்வு, இவ்வளவும்தான். பெரிய செலவில் செய்கிற இடங்களில் முன்வரிசைக்கென்றே சின்னப் பெட்டிகளை மேடை விளிம்பில் வரிசையாக வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் காசு ஒதுக்குவது குறைவு. பிரதம அதிதிக்குத் துணி போர்த்திய கதிரை போடுகிற அந்த வரிசையில்தான் பாட்டின் சொல் ஆகக் குறைவாக விளங்கும்.

சரி, அப்போ எங்கே இருப்பது? மைதானத்துக்குள் போனதும் மேடையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பாருங்கள். சனத்தின் நடுவில் கம்பி கட்டி, மேலே ஒரு கூடாரம் போட்டு, உள்ளே இரண்டு மேசையும் நிறையப் பொத்தான்களும் இருக்கும். அதுதான் மிக்சர் மேசை. அதில் நிற்பவர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் குரலைக் கூட்டுவார், வயலினைக் குறைப்பார். அந்த இரவில் பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது என்று ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது ஒன்றுதான். ஆகவே அதற்கு நேர் முன்னால், அல்லது பக்கவாட்டில் நாலைந்து கதிரை தள்ளி இருங்கள். பின்னால் வேண்டாம், கூடாரம் மறைக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும். மேடையிலிருந்து மிக்சர் வரைக்கும் தடித்த வயர் நிலத்தில் ஓடும், அதை யாரும் மிதிக்கக்கூடாது என்று அந்தப் பாதையை முடிந்தவரை வெறுமையாக விடச்சொல்லிக் கேட்போம். அந்தப் பாதையின் ஓரக் கதிரை கிடைத்தால் முன்னால் தலை மறைக்காது, அவசரத்துக்கு எழும்பிப் போகவும் வழி இருக்கும். பெரும்பாலும் ஓரம் என்று நினைத்துச் சனம் அதைக் கடைசியாகத்தான் நிரப்புகிறது.

ஒரே பக்கத்துப் பெட்டிக்குக் கிட்ட இருந்தால் மற்றப் பக்கம் கேட்கவே கேட்காது. மதிலோடு ஒட்டியோ தகரக் கூரைக்குக் கீழோ இருந்தால் சத்தம் மோதித் திரும்பிப் பாட்டு குழம்பும். ஆகத் தூரமும் நல்லதில்லை. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும், நூறு மீற்றர் தள்ளி நின்றால் பாடகரின் வாய் ஒரு கணம் முந்திக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும்.

கடற்கரை நிகழ்ச்சி என்றால் காற்றையும் பார்க்கவேண்டும். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ பின்னேரம் கடலிலிருந்து காற்று வரும், இரவு ஏற ஏற அது ஓய்ந்து தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். கச்சான் அடிக்கிற மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று பகல் முழுக்கப் பலமாக இருக்கும். காற்றுக்கு எதிரே ஒலி போனால் அது மேல்நோக்கி வளைந்துவிடும், பின்வரிசைக்குச் சத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். மேடைப்பக்கமிருந்து உங்கள் முகத்தில் காற்று அடிக்கிற இடம் நல்ல இடம். அப்புறம், மணலில் பிளாஸ்டிக் கதிரையின் கால் புதையும். நிகழ்ச்சி சூடுபிடித்ததும் முன்னால் இருப்பவர் அதன்மேல் ஏறி நிற்பார், கால் விரிந்து ஒடிந்து அவரும் விழுந்து பின்னால் இருப்பவரையும் விழுத்துவார். இதை அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகளைக் கதிரைமேல் ஏற்றி நிறுத்தவே வேண்டாம்.

இனி காதைப் பற்றி. இதில்தான் எனக்கு ஆகக் கூடுதல் கவலை.

கல்முனைப் பக்கம் ஒரு நிகழ்ச்சியில் பாஸ் பெட்டிகளுக்கு இரண்டு கையும் விரித்த அளவு தூரத்தில் ஒரு அம்மம்மா மடியில் கைக்குழந்தையோடு இருந்தார். நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சோதிக்கிற சவுண்ட் செக் தொடங்க இருந்தது. "அம்மா, இதில இருக்க வேண்டாம், பிள்ளைக்குக் கூடாது" என்றேன். "முன்னுக்குத்தானே தம்பி, வடிவாத் தெரியும்" என்றார். அவருடைய கையைப் பிடித்துப் பெட்டியின் பலகையில் வைத்துவிட்டு, மேடையில் இருந்த பையனிடம் காலால் அடிக்கிற பெரிய டிரம்மை ஒருதரம் அடிக்கச் சொன்னேன். கையை உதறி எடுத்தார். பிள்ளையின் விரல்கள் விரிந்து உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை, அவரே பின்னால் போய் மிக்சர் ஓரத்தில் இருந்துகொண்டார்.

கணக்கு இதுதான். வேலைத்தலங்களுக்கு அமெரிக்காவின் என்.ஐ.ஓ.எஸ்.எச். என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் சொல்லும் அளவு, 85 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம்வரை இருக்கலாம் என்பது. அதிலிருந்து 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் மிஞ்சுவது பதினைந்து நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வெளியிட்ட அளவுகோலும் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்கிறது, கூடவே காதடைப்பான் கிடைக்கவேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடமும் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. பாஸ் பெட்டிக்கு முன்னால் அந்த 100ஐ எட்டுவது ஒன்றும் பெரிய விசயமில்லை. திறந்தவெளியில் ஒரு பெட்டியிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அதாவது ஐந்து மீற்றரில் இருந்தவர் பத்து மீற்றருக்கு எழும்பிப் போனாலே காது தாங்குகிற நேரம் நாலு மடங்காகிறது. கதிரையை மாற்றுவதற்குச் செலவில்லை.

பஞ்சை உருட்டிக் காதில் வைப்பதால் பெரிய பயன் இல்லை. வேலைத்தலப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, காதின் மேல்நுனியைப் பின்னுக்கு இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வெளியில் மூடுகிற காதுமூடி நல்லது. முடிந்து வீட்டுக்குப் போனபின் காதுக்குள் இரைச்சல் கேட்டால் அன்றும் மறுநாளும் சத்தமான இடங்களுக்குப் போகாமல் இருங்கள். அது அடங்காவிட்டாலோ, திடீரென்று ஒரு காது அடைத்தமாதிரி மந்தமானாலோ, தானாக மாறும் என்று வாரக்கணக்காக இருக்க வேண்டாம். போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஓரிரு நாளிலேயே போய்விடுங்கள், தாமதித்தால் மருந்து வேலை செய்கிற வாய்ப்புக் குறையும்.

மருமகளுக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இப்போது இப்படியான பூங்காக்களுக்குப் போகிறார்கள். எப்கொட்டில் நிகழ்ச்சிகள் நடப்பது அமெரிக்கா கார்டன்ஸ் தியேட்டர் என்ற திறந்தவெளி அரங்கில். பூங்காவின் நுழைவுச்சீட்டே போதும், முதலில் வந்தவருக்கு முதலில் இடம். உணவகத்தில் சாப்பாட்டோடு சேர்த்து இடத்தையும் வாங்குகிற திட்டம் உண்டு, கிறிஸ்மஸ் காலத்துக் கூட்டுப்பாடல் நிகழ்ச்சிக்கும் அப்படித்தான். அதை வாங்கினால் உள்ளே இடம் உறுதி, ஆனால் எந்த வரிசை என்பது போகிற நேரத்தைப் பொறுத்தது. முக்கியமான விசயம், அங்கே வழமையாக ஒரே குழு ஒரே மாலையில் இரண்டு மூன்று தடவை சின்னச் சின்னதாக வாசிக்கும். "முதல் காட்சிக்கு வெயிலில நிக்காத மகள், அது நடக்கேக்க வெளியில நின்று எங்க நல்லாக் கேக்குது என்று பார், அடுத்த காட்சிக்கு அங்க போய் இரு" என்றேன். அதே புளோரிடாவில் இருக்கும் யூனிவர்சல் பூங்காவின் மார்டி கிரா கொண்டாட்ட இசை நிகழ்ச்சி வேறு மாதிரி, அங்கே கதிரை இல்லை, நின்றுதான் பார்க்கவேண்டும், விசிறிகள் வேளைக்கே போய் மேடையோரத்தில் நின்றுகொள்வார்கள். பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்துக்குள் போகவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கோடையில் அங்கே பின்னேரம் இடிமழையும் சாதாரணம், மின்னல் வந்தால் திறந்தவெளி நிகழ்ச்சியை நிறுத்துவார்கள்.

கூட்டம் என்று வந்தபடியால் இதைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் கூத்துக்கு வட்டக்களரி, சனம் நாலு பக்கமும் சுற்றியிருந்து பார்க்கும், ஆகவே ஒரு பக்கத்தை நோக்கித் தள்ளுப்பட வேண்டிய தேவையே வராது. மேடை நிகழ்ச்சியில் ஆயிரக்கணக்கானவர் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், ஒரே பக்கம் நகரப் பார்க்கிறார்கள். 1979 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ என்ற ரொக் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு இலக்கமில்லாத இருக்கை, முந்தினவருக்கு முன்னிடம். உள்ளே கேட்ட சத்தத்தை வைத்து நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்த கூட்டம், திறந்திருந்த ஒருசில கதவுகளை நோக்கி நெருக்கியதில் பதினொரு பேர் செத்தார்கள். 2021இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் மேடைக்கு முன் நெரிசலில் பத்துப் பேர், அதில் ஒன்பது வயதுப் பிள்ளையும் ஒருவர். யாழ்ப்பாணம் முற்றவெளியில் 2024 பெப்ரவரியில் தடைகளைத் தள்ளிக்கொண்டு சனம் முன்னேறி நிகழ்ச்சி இடையில் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

நெரிசலில் சாகிறவர்களில் பெரும்பாலானவர் மிதிபட்டுச் சாவதில்லை, நின்றபடியே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். ஒரு சதுர மீற்றரில் நாலு பேர்வரை நடமாடலாம். ஆறு ஏழு என்று ஏறினால் நீங்கள் நினைத்த பக்கம் போகமுடியாது. இரண்டு பக்கமும் ஆட்களின் தோள் முட்டுகிறது, கையை முகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை என்றால் அப்போதே வெளியேறுங்கள், இன்னும் ஒரு பாட்டு என்று நிற்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன் மடித்து வையுங்கள், தள்ளுகிற பக்கத்துக்கு எதிராகத் தள்ள வேண்டாம், தள்ளு ஓய்கிற இடைவெளியில் சரிவாக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த போனோ செருப்போ போகட்டும், குனியவே கூடாது. பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாரிகாலத்தில் இன்னொன்று: மழை தூறத் தொடங்கினால் இரும்புத் தடுப்பையும் லைட் கட்டிய கம்பத்தையும் தொட வேண்டாம், எங்கோ ஒரு வயர் தோல் உரிந்திருக்கலாம்.

நிகழ்ச்சி நடத்துகிற தம்பிமாருக்கும் இதைச் சொல்கிறேன். கதிரைக்கு இலக்கம் போடுங்கள், எட்டுப் பத்துக் கதிரைக்கு ஒரு நடைபாதை விடுங்கள், கடைசி நேரத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அந்தப் பாதையில் கதிரை போட்டு அடைக்காதீர்கள். ஒரு கேற்றை மட்டும் திறந்து வைக்க வேண்டாம். பாஸ் பெட்டிக்கு முன்னால் ஐந்து மீற்றருக்குக் கயிறு கட்டித் தரச்சொன்னால் கட்டித் தாருங்கள். சனம் வெளியில் நிற்கும்போது சவுண்ட் செக் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக நாங்கள் அதை வேளைக்கே முடிக்கத்தான் பார்க்கிறோம், அதற்கு மேடையும் ஜெனரேட்டரும் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கைக்கு வரவேண்டும்.