சொல் விளக்கம்: சீதப்படலம்

கோத்தகிரிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குக் கன்றுக் கழிச்சல் என்றாலே கலக்கம்தான். பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்று, வாலெல்லாம் மஞ்சளாக அப்பிக்கொண்டு, மழைக் குளிரில் எழ முடியாமல் துவண்டு கிடக்கும். அதே கொட்டிலில் தாய்ப்பசு அசைபோட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான ரோட்டா வைரஸ் கன்றுகளை வாட்டுவது பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில்தான். வளர்ந்த மாடு தப்புவதற்கு நோயெதிர்ப்பாற்றல் முக்கியக் காரணம். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் ‘மியூக்கஸ்’.

லத்தீனில் இச்சொல் மூக்குச்சளியைக் குறித்தது. நம் பாடநூல்களில் ‘சளி’, ‘கோழை’ என்கிறார்கள். இரண்டுமே மூக்கையும் நெஞ்சையும்தான் நினைவூட்டுகின்றன. கோழைக்குப் பயந்தவன் என்ற பொருளும் உண்டு. காவல் நிற்கும் ஒன்றுக்கு அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை. சீதபேதி, சீதக்கழிச்சல் என்று குடலோடு சேர்ந்தே புழங்கும் ‘சீதம்’ இருக்கிறதே! குளிர்ச்சி என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல்தான். ஆனாலும் வீட்டுப் பேச்சில் ஊறிவிட்டது. இலங்கைத் தமிழில் ‘சீதமென்சவ்வு’ வெகுநாளாக வழங்குகிறது. சவ்வு என்பது திசு. அதன்மேல் பரவியிருப்பது படலம். ஆகவே ‘சீதப்படலம்’ என்பதே என் தேர்வு.

ஆட்டுக்குடலைக் கழுவியவர்களுக்கு இது கைப்பழக்கம். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க வழுக்கிக்கொண்டு வருமே, அதில் இந்தச் சீதமும் உண்டு. பெரும்பகுதி தண்ணீர். வழுவழுப்பைத் தருவது மியூசின் என்ற புரதம். குடல் சுவரில் உள்ள கோப்பை வடிவச் செல்கள் அதைச் சுரக்கின்றன. அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து நிற்கும். பல வைரஸ்கள் குடல் செல்லைப் பற்றுவதும் செல்லின் மேலுள்ள இதுபோன்ற சர்க்கரைகளைப் பிடித்துத்தான். எனவே அவற்றில் பல, செல்லைத் தொடுமுன்பே சீதத்தில் ஒட்டிக்கொண்டு, சாணத்தோடு வெளியேறிவிடுகின்றன. எலிக்குடலிலிருந்து பிரித்தெடுத்த மியூசின், ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் ரோட்டா வைரஸ் தொற்றைத் தடுத்திருக்கிறது.

இந்தச் சங்கிலிகள் பிறந்தது முதல் ஒரே மாதிரி இருப்பதில்லை. பால்குடி மறக்கும் பருவத்தில் எலிகளின் குடலில் இச்சங்கிலிகளில் சையாலிக் அமிலம் என்ற சர்க்கரை குறைந்து, ஃபியூகோஸ் என்ற வேறொரு சர்க்கரை கூடுகிறது. எலிக்குட்டிகளுக்கு ரோட்டா வைரஸால் கழிச்சல் வருவதும் ஏறக்குறைய முதல் இரண்டு வாரங்கள்தான்.

கன்றின் சீதப்படலம் தேறும்வரை தாயின் சீம்பால்தான் துணை. கன்று பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் அதைப் புகட்டிவிட வேண்டும். நேரம் ஆக ஆக, அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்களைக் குடல் உறிஞ்சுவது குறைந்து, ஒரு நாளைக்குள் நின்றுபோகும்.