போர்நிறுத்தம்: ‘ஆர்மிஸ்டிஸ்’ என்ற சொல்லும் அதற்குரிய தமிழும்

முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11 அன்று முடிந்தது என்று வினாடி வினாவில் விடை சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அன்று நின்றது சண்டை மட்டும்தான். சட்டத்தின் கண்ணில் போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அன்று விடியற்காலையில் கையெழுத்தான ஆவணத்தின் பெயர் ‘ஆர்மிஸ்டிஸ்’. அந்தச் சொல்லுக்குள் ‘முடிவு’ என்ற பொருள் கிடையாது. அதற்கு நாம் வைத்திருக்கும் ‘போர்நிறுத்தம்’ என்ற சொல்லிலும் கிடையாது. சொல்லைச் சரியாக வைத்துக்கொண்டு பொருளைத்தான் பிழையாகப் படிக்கிறோம்.

சொல் பிறந்த இடம்

இலத்தீனில் ‘ஆர்மா’ என்றால் ஆயுதங்கள். ‘ஸ்டிட்டியம்’ என்ற பின்பகுதி நிற்றலைக் குறிக்கும். இது பழைய ரோமர்கள் வழங்கிய சொல் அல்ல. அவர்கள் பகைவரோடு செய்துகொண்ட தற்காலிக ஓய்வுக்கு ‘இண்டூட்டியே’ என்றார்கள். ‘ஆர்மிஸ்டிட்டியம்’ பிற்காலத்தில் கட்டப்பட்ட சொல். அதற்கு அச்சாக இருந்தது வானியலில் ஏற்கனவே இருந்த ‘சோல்ஸ்டிட்டியம்’. சூரியன் வடக்கிலோ தெற்கிலோ தன் எல்லையைத் தொட்டு, திரும்புவதற்கு முன் ஒரு கணம் நின்றதுபோல் தோன்றும் நாளுக்கு அந்தப் பெயர். நின்ற சூரியன் மறுபடி நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயுதமும் அப்படியே. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது சொல் ‘ஆர்மிஸ்டிஸ்’ ஆனது. ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் மொழியிலேயே ‘வாஃபன்ஸ்டில்ஷ்டாண்ட்’, அதாவது ஆயுதங்கள் அசையாமல் நிற்றல் என்றார்கள்.

தமிழில் ‘நில்’ என்ற வினையின் பிறவினை ‘நிறுத்து’. அதிலிருந்து வந்தது ‘நிறுத்தம்’. பேருந்து நிறுத்தத்தில் வண்டி நிற்கும், ஆள் ஏறியதும் கிளம்பும். வேலைநிறுத்தம் செய்பவர் வேலையை விட்டுவிட்டவர் அல்ல. கோரிக்கை தீர்ந்தால் திரும்பப் போகிறவர். போர்நிறுத்தமும் அந்த வரிசையில் வருவதுதான். இலத்தீன் சொல்லுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் தேடினாலும் கிடைக்காது. ‘யுத்த நிறுத்தம்’ என்று இலங்கைப் பத்திரிகைகளில் பெருவழக்காக உள்ளதும் இதே பொருள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

போரை எப்படி நடத்த வேண்டும் என்று நாடுகள் கூடி ஒத்துக்கொண்ட 1907ஆம் ஆண்டு ஹேக் போர் விதிமுறைகளில் 36 முதல் 41 வரையான பிரிவுகள் போர்நிறுத்தத்துக்கு உரியவை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு படை நடவடிக்கைகளை நிறுத்திவைப்பதுதான் போர்நிறுத்தம். காலவரை குறிக்காவிட்டால், ஒத்துக்கொண்ட முன்னறிவிப்பைக் கொடுத்துவிட்டு எவரும் எப்போது வேண்டுமானாலும் சண்டையைத் தொடங்கலாம். போர்நிறுத்தம் முழுமைக்குமானதாகவும் இருக்கலாம், ஒரு துண்டு நிலத்துக்கு மட்டுமானதாகவும் இருக்கலாம். ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மற்றது ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆனால் தனி ஆள் ஒருவர் தன் விருப்பத்துக்குச் சுட்டுவிட்டால் அதைச் சாக்காக வைத்து முறிக்க முடியாது. குற்றவாளிக்குத் தண்டனை கேட்கலாம், நேர்ந்திருந்தால் இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான்.

துண்டு நிலத்துக்கான நிறுத்தத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு துருக்கியின் கல்லிப்போலி. 1915 மே 24 அன்று, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியரை எதிர்த்து நின்ற ஆன்சாக் முனையில் காலை 7.30 முதல் மாலை 4.30 வரை சண்டை நின்றது. இரு தரப்புக்கும் இடையில் வெயிலில் கிடந்த பிணங்களைப் புதைக்க வேண்டியிருந்தது. நேரம் முடிந்ததும் மறுபடி துப்பாக்கிகள்.

ஒரே சொல், நான்கு ஆவணங்கள்

1918 இலையுதிர் காலத்தில் மைய வல்லரசுகள், அதாவது ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும், ஒவ்வொன்றாக விழுந்தன. பல்கேரியா செப்டம்பர் 29, துருக்கி அக்டோபர் 30, ஆஸ்திரியா-ஹங்கேரி நவம்பர் 3, ஜெர்மனி நவம்பர் 11. நான்கும் போர்நிறுத்தங்கள், நான்கும் தனித்தனி.

இவற்றில் ஆஸ்திரியா-ஹங்கேரி செய்துகொண்டது, கடிகாரத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம். இத்தாலியில் பதுவா அருகே வில்லா ஜூஸ்தியில் நவம்பர் 3 அன்று கையெழுத்தானது. நடைமுறைக்கு வருவதோ மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு. ஆனால் ஆஸ்திரியத் தலைமை தன் படைகளுக்கு நவம்பர் 3 அன்றே ‘சுடுவதை நிறுத்து’ என்று ஆணை அனுப்பிவிட்டது. இத்தாலியர்கள் குறித்த நேரம்வரை முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய லட்சக்கணக்கானோர் அந்த இடைவெளியில் கைதிகளானார்கள். கையெழுத்தான நேரமும் அமலாகும் நேரமும் வெவ்வேறு. செய்தி எழுதும்போது இரண்டையும் தனித்தனியே சொல்லியாக வேண்டும்.

கொம்பியேன் காடு, காலை ஐந்து மணி

ஜெர்மன் தூதுக்குழு நவம்பர் 7 இரவு போர்முனையைக் கடந்து, 8ஆம் தேதி காலை பிரான்சின் கொம்பியேன் காட்டில் நின்றிருந்த ரயில்பெட்டிக்கு வந்து சேர்ந்தது. குழுத் தலைவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் ஓர் அரசியல்வாதி. எதிரே நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஃபோஷ். பதில் சொல்ல 72 மணி நேரம் கொடுத்தார்கள். இடையில் 9ஆம் தேதி பெர்லினில் ஜெர்மன் பேரரசர் கெய்சரின் ஆட்சியே போய்விட்டது. 11ஆம் தேதி காலை 5 மணி கடந்து சில நிமிடங்களில் கையெழுத்து. அதை 5 மணி என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். முதல் பிரிவு: கையெழுத்தான ஆறு மணி நேரத்தில், தரையிலும் வானிலும் சண்டை நிற்க வேண்டும். அப்படித்தான் ‘பதினொன்றாம் மாதம், பதினொன்றாம் நாள், பதினொன்றாம் மணி’ வந்தது.

ஆறு மணி நேரம் எதற்கு? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட போர்முனையின் கடைசிப் பதுங்குகுழிவரை செய்தி போய்ச் சேர வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் தாக்காதே என்று மேல்தலைமை ஆணையிடவில்லை. அமெரிக்காவின் 89ஆம் டிவிஷன் அன்று காலையிலும் ஸ்டெனே என்ற ஊரைப் பிடிக்கப் போனது. அங்கே வீரர்கள் குளிக்க வசதி இருக்கும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க வீரர் ஹென்றி கந்தர் 10.59க்கு இறந்தார். பிரெஞ்சுப் படையில் கடைசியாக இறந்தவராகக் கருதப்படும் ஒகுஸ்தென் திரெபுஷோனின் கல்லறையில் தேதி நவம்பர் 10 என்று பொறித்திருக்கிறது. போர் நின்ற நாளில் இறந்தார் என்று எழுத ஏதோ ஒரு அலுவலகத்தில் கை வரவில்லை போலும்.

மொத்தம் 34 பிரிவுகள். பெல்ஜியம், பிரான்ஸ், லக்சம்பர்க், அல்சாஸ்-லொரேன் ஆகியவற்றை 15 நாளில் காலிசெய்ய வேண்டும். 5,000 பீரங்கிகள், 25,000 இயந்திரத் துப்பாக்கிகள், 3,000 குழிப்பீரங்கிகள், 1,700 விமானங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். 5,000 ரயில் இன்ஜின்கள், 1,50,000 ரயில்பெட்டிகள், 5,000 லாரிகள். ரைன் ஆற்றின் இடக்கரை முழுவதும், அதோடு மைன்ஸ், கோப்லென்ஸ், கொலோன் ஆகிய இடங்களில் வலக்கரையில் 30 கிலோமீட்டர் ஆரத்துக்கு நிலமும் நேச நாடுகளின் கையில். போர்க்கைதிகளை ஜெர்மனி உடனே விட வேண்டும். ஜெர்மன் கைதிகளை எதிர்த்தரப்பு விட வேண்டியதில்லை. முதலில் கேட்டது 30,000 இயந்திரத் துப்பாக்கிகளும் 2,000 விமானங்களும். உள்நாட்டில் புரட்சியை அடக்க ஆயுதம் வேண்டும் என்று ஜெர்மானியர் வாதாடியதால் கொஞ்சம் குறைந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் இது ஏன் வெறும் ‘சுடாதே’ ஒப்பந்தம் அல்ல என்று விளங்கும். எதிரி மறுபடி சண்டை தொடங்க முடியாதபடி ரயிலையும் பீரங்கியையும் பிடுங்கிக்கொண்டு, அதன் பிறகு சமாதானம் பேசுவது. ஆயுள் வெறும் 36 நாள். டிசம்பரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை நீட்டித்தார்கள். பிப்ரவரியில் காலவரையின்றி, மூன்று நாள் முன்னறிவிப்பில் முறித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு. ஒவ்வொரு நீட்டிப்பிலும் புதுக் கோரிக்கை சேர்ந்தது. ரயில் இன்ஜின்கள் குறித்த நாளில் வந்து சேராததற்கு ஈடாக ஜனவரியில் விவசாயக் கருவிகள் கேட்கப்பட்டன. கடல் முற்றுகை தொடரும் என்று 26ஆம் பிரிவு சொன்னது. அது 1919 ஜூலையில்தான் முழுதாக விலக்கப்பட்டது. சண்டை நின்ற பிறகும் ஜெர்மானியர் பட்டினி கிடந்ததற்கு இந்தப் பிரிவு ஒரு முக்கியக் காரணம்.

சரணடைவு அல்ல என்பதன் விலை

போர்நிறுத்தத்துக்கும் சரணடைவுக்கும் உள்ள வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை ஸ்கேபா ஃப்ளோவில் பார்க்கலாம். ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஒப்பந்தப்படி ‘ஒப்படைக்கப்படவில்லை’. ஸ்காட்லாந்துக்கு வடக்கே அந்த விரிகுடாவில் ‘தடுத்துவைக்கப்பட்டன’. அதனால் கப்பல்கள் ஜெர்மனியின் சொத்தாகவே இருந்தன. ஜெர்மன் மாலுமிகளே அவற்றில் தங்கினார்கள். பிரிட்டிஷ் காவலர்கள் கப்பலில் ஏறித் தங்க முடியாது. அந்தக் கப்பல்களின் ஜெர்மன் தளபதி ராய்ட்டருக்குச் செய்தி கிடைத்தது நாட்கணக்கில் பழைய பத்திரிகைகளிலிருந்து. போர்நிறுத்தம் 1919 ஜூன் 21 நண்பகலோடு முடிகிறது என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் கெடு 23க்குத் தள்ளிப்போடப்பட்டிருந்தது. போர் மறுபடி தொடங்கினால் கப்பல்கள் எதிரி கைக்குப் போகும் என்று 21ஆம் தேதி காலை கடல்நீர் அடைப்புகளைத் திறக்கச் சொன்னார். 74 கப்பல்களில் 52 மூழ்கின.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு நேர்மாறு. அங்கிருந்த ஜெர்மன் படை ‘வெளியேற வேண்டும்’ என்றுதான் ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு சொன்னது. ஆனால் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கிடம் நிபந்தனையற்ற சரணடைவு கேட்கப்பட்டது. அவர் மறுப்பைப் பதிவுசெய்துவிட்டு நவம்பர் 25 அன்று, இன்றைய ஜாம்பியாவில் உள்ள அபர்கார்னில், ஆயுதங்களை ஒப்படைத்தார். ஐரோப்பாவில் சண்டை நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஜெர்மன் படை அணிவகுத்துத் தாயகம் திரும்பியது. எந்தப் பகைவனும் உங்களை வெல்லவில்லை என்று டிசம்பரில் பெர்லினில் புதிய அரசின் தலைவர் ஏபர்ட்டே அவர்களை வரவேற்றுப் பேசினார். களத்தில் தோற்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற கட்டுக்கதை இந்த மண்ணில்தான் முளைத்தது. கையெழுத்திட்ட எர்ட்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1940 ஜூன் 22 அன்று ஹிட்லர் பிரான்சை அதே காட்டில், அதே ரயில்பெட்டியில் கையெழுத்திட வைத்தார். ஆவணமும் அதே வகை, போர்நிறுத்தம். 1945இல் நேச நாடுகள் ஜெர்மனிக்குப் போர்நிறுத்தம் தரவில்லை. நிபந்தனையற்ற சரணடைவு மட்டும்தான்.

அப்படியானால் போர் எப்போது முடிந்தது?

வெர்சாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10. பிரிட்டன் சட்டப்படி போர் முடிந்ததாக வைத்த பொது நாள் 1921 ஆகஸ்ட் 31. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தத் தேதிவரை இறந்த வீரர்களை முதல் உலகப்போரில் மடிந்தவர்களாகவே கணக்கில் சேர்க்கிறது. துருக்கியோடு சமாதானம் 1923இல் சுவிட்சர்லாந்தின் லொசானில்தான் முடிவானது. பிரிட்டிஷ் வெற்றிப் பதக்கத்தின் பின்புறத்திலும் இந்திய ஊர்கள் பலவற்றின் நினைவுக் கற்களிலும் ‘1914–1919’ என்று இருப்பது கல்தச்சனின் பிழை அல்ல.

எந்தச் சொல்லை எங்கே வைப்பது

தமிழில் உண்மையான சிக்கல், நான்கைந்து வேறுபட்ட நிலைகளுக்கும் ‘போர்நிறுத்தம்’ என்ற ஒரே சொல்லை அள்ளிப்போடுவது. கட்டளை வந்ததும் துப்பாக்கி ஓய்வதற்குச் ‘சண்டை நிறுத்தம்’ போதும். 1914 கிறிஸ்துமஸில் எதிரெதிர்ப் பதுங்குகுழி வீரர்கள் மேலிட அனுமதி இல்லாமல் வெளியே வந்து கைகுலுக்கியது ‘சண்டை ஓய்வு’. அங்கே ஆவணம் இல்லை, கையெழுத்து இல்லை. நிபந்தனை, காலவரை, கோடு போட்ட வரைபடம் எல்லாம் சேர்ந்து எழுத்தில் வந்தால்தான் ‘போர்நிறுத்த உடன்படிக்கை’. ‘உடன்படிக்கை’ என்ற பின்சொல்லை விட்டுவிடாமல் எழுதுவது நல்லது. போரையே சட்டப்படி முடிப்பது ‘சமாதான உடன்படிக்கை’. ‘சரணடைவு’ தனி.

பழந்தமிழில் ‘சந்து செய்தல்’, அதாவது இரு தரப்பையும் இணக்குதல், என்று ஒன்று உண்டு. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளிக்கும் இடையே கோவூர் கிழார் பாடியது துணைவஞ்சித் துறை. போருக்குக் கிளம்பியவனைச் சமாதானம் செய்து மீட்பது. அழகான சொல்தான், ஆனால் அது போரைத் தவிர்ப்பது. ஆர்மிஸ்டிஸுக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தினால் பொருள் திரிந்துவிடும்.

கொரியாவில் 1953 ஜூலை 27 காலை 10 மணிக்குக் கையெழுத்தாகி இரவு 10 மணிக்கு அமலான ஆவணம் போர்நிறுத்த உடன்படிக்கை. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. நடுவே 4 கிலோமீட்டர் அகலப் படைநீக்கப் பகுதிதான் இருக்கிறது. இலங்கையில் 2002 பிப்ரவரி 22 அன்று செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கையில் 14 நாள் முன்னறிவிப்போடு விலகலாம் என்று இருந்தது. 2008 ஜனவரியில் அரசு அந்த வழியில்தான் விலகியது. ஹேக்கின் 36ஆம் பிரிவில் உள்ள அதே முன்னறிவிப்பு முறை.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். போர்நிறுத்தம் கையெழுத்தாகும், அமலுக்கு வரும், நீட்டிக்கப்படும், மீறப்படும், முறியும். ‘போர்நிறுத்தம் முடிந்தது’ என்று தலைப்புப் போட்டால், பேச்சு நல்லபடியாக முடிந்து ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று பாதிப் பேர் படிப்பார்கள். குண்டு மறுபடி விழத் தொடங்கிவிட்டது என்று மீதிப் பேர் படிப்பார்கள். சொல்லின் நேர்ப்பொருளில் இரண்டாவது கூட்டம் படித்ததே சரி.