பாலைவனத்தில் வண்டி நின்றுபோனால்

ஓமன் எண்ணெய் வயல்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு முதலில் நான் சொல்வது ‘லேடி பி குட்’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றித்தான்.

1943 ஏப்ரல் 4 அன்று, ஒன்பது பேருடன் லிபியாவின் சோலுக் தளத்திலிருந்து நேப்பிள்ஸைத் தாக்கக் கிளம்பிய பி-24 அது. இரவில் திரும்பும்போது வழி தவறியது. லிபியாவில் இருந்த பெனினா நிலையத்திடம் ரேடியோவில் திசை கேட்டார் விமானி ஹாட்டன். சமிக்ஞை எந்தக் கோட்டில் வருகிறது என்று மட்டும்தான் அங்கிருந்த கருவி காட்டும். அந்தக் கோட்டில் விமானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டாது. இன்னும் கடல்மேல்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். விமானமோ கரையைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

எரிபொருள் தீரும் நேரத்தில் எல்லாரும் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்களில் வொராவ்கா என்பவரின் பாராசூட் சரியாக விரியாததால் அவர் இறந்துபோனார். மற்ற எட்டுப் பேரும் கடல் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பி வடமேற்கே நடந்தார்கள். கடல் 500 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இருந்தது. கையில் இருந்தது அரைக் குடுவைத் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி என்று துணை விமானி டோனரின் டைரியில் இருக்கிறது. ஐந்து பேர் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டியதும் விழுந்துவிட்டார்கள். மற்ற மூவர் உதவி தேடி மேலும் நடந்தார்கள். அவர்களில் ரிப்ஸ்லிங்கர் இன்னும் 40 கிலோமீட்டர் போயிருந்தார். அந்த மூவரில் இன்னொருவரான மூரின் உடல் அடையாளம் காணப்படவே இல்லை. டைரியின் கடைசிப் பதிவு ஏப்ரல் 12.

ஆளில்லாத விமானம் தானே மிதந்துபோய், அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே 25 கிலோமீட்டரில் வயிறு உரசித் தரையிறங்கியிருந்தது. 1959-இல் போய்ப் பார்த்தவர்களுக்கு உள்ளே தண்ணீர் கிடைத்தது. ரேடியோவும் வேலை செய்தது.

அவர்கள்மேல் நான் குறை சொல்லமாட்டேன். விமானம் எங்கே விழுந்தது என்று அறிய அவர்களுக்கு வழியே இல்லை. ஆனால் நம் ஓட்டுநருக்கு வண்டி கண்ணெதிரே நிற்கிறது. அப்படியும் தூரத்தில் ஒரு கோபுரம் தெரிந்தால் இறங்கி நடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து நடக்காதீர்கள். ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் வண்டி தெரியும், ஆள் தெரியமாட்டார். பானட்டைத் திறந்துவைத்துவிட்டு வண்டியின் நிழலிலேயே உட்காருங்கள். ரேடியேட்டர் தண்ணீரை எந்த நிலையிலும் குடிக்காதீர்கள், அதில் விஷம் கலந்திருக்கும்.

அவர்கள் நடந்தது ஏப்ரல் மாதம், இரவெல்லாம் கடுங்குளிர். ஜூலையில் இங்கே அந்த எட்டு நாள் யாருக்கும் கிடைக்காது. அதனால் கிளம்பும் நேரம், போகும் பாதை, சேரும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டே கேட்டைத் தாண்டுங்கள். சேர்ந்ததும் போன் செய்யுங்கள். குறித்த நேரத்தில் போன் வராவிட்டால் அந்தப் பாதையிலேயே தேடி வருவோம்.