வெறுங்கூட்டில் கிடந்த பேடு

2022 மார்ச் மாதக் கடைசியில் இலங்கை முழுவதும் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு. அன்றைக்கு ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுக் குசினி மூலையில், றெஜிபோம் பெட்டிக்குள் இரண்டு குண்டு பல்பைப் பூட்டி நானே செய்த குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்று இருந்தது. உள்ளே 12 ஊர்க்கோழி முட்டைகள். வைத்துப் பதினைந்து நாள். பல்பு அணைந்ததும் பழைய சாரம் ஒன்றை மடித்துப் பெட்டியின் மேல் போர்த்தினேன். அரை மணிக்கு ஒருதரம் மூடியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். திறக்கத் திறக்க இருக்கிற சூடும் போய்விடும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பொழுதுபட்டதும் பக்கத்து வளவிலிருந்து பெரியம்மா வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார். "உதுக்கு முன்னால குந்திக்கொண்டு இருந்தா கரண்ட் வருமே தம்பி? ஆட்டுக்கொட்டிலுக்கை சிவத்தப் பேடு மூன்று நாளா வெறுங்கூட்டில அடை கிடக்குது. கொண்டுவந்து அதுக்குக் கீழ வை."

முட்டைகளைத் துணி விரித்த கடகத்தில் கொண்டுபோனோம். இருட்டில் ஒவ்வொன்றாகப் பேட்டின் வயிற்றுக்குக் கீழே தள்ளினேன். முதல் இரண்டு முட்டைக்கும் புறங்கையில் நல்ல கொத்து விழுந்தது. பிறகு உறுமிக்கொண்டே இருந்த பேடு, ஓரத்தில் நின்ற முட்டையைத் தாடைக்குக் கீழே கொடுத்து அலகால் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறாம் நாள் குஞ்சுச் சத்தம் கேட்டது. அந்தப் பேட்டுக்கு மொத்த அடைகாப்பே ஒன்பது நாள்தான். 21 நாள் கணக்கு அதற்குத் தெரியவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. அப்படியென்றால் கூட்டில் கிடக்கிற கோழி எதைத்தான் கணக்கு வைத்திருக்கிறது?

அடைக்கோழி என்பது ஒரு குணமல்ல, உடம்பே மாறிப்போன ஒரு நிலை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. தாய்மாருக்குப் பால் சுரக்க வைப்பதும் இதே ஹோர்மோன்தான். கோழியில் இது கூடும்போது சூலகம் சுருங்குகிறது, முட்டையிடுவது நிற்கிறது, சிவந்து நின்ற கொண்டை வெளிறி ஒடுங்குகிறது. வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும். அந்தத் தோல் சும்மா வெறுந்தோல் அல்ல. இரத்தக் குழாய்கள் பெருகி, தடித்து, கை வைத்தால் சுடுகிற அளவுக்கு இருக்கும். அடைத்தோல் என்று வைத்துக்கொள்வோம்.

முட்டை அந்தத் தோலில் படுகிறது. நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. மூளை இன்னும் புரோலாக்டின் விடச் சொல்கிறது. அது கூடக் கூடக் கோழி இன்னும் இறுக்கமாகக் கிடக்கிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிவத்தப் பேடு வெறுங்கூட்டில் கிடந்ததும் இதனால்தான்: இட்ட முட்டையைப் பெரியம்மா நாளுக்கு நாள் எடுத்துவிட்டார், ஆனால் வட்டம் ஏற்கெனவே சுற்றத் தொடங்கிவிட்டது. அடை தெளிவிக்க நினைப்பவர்கள் பேட்டின் வயிற்றைத் தண்ணீரில் நனைத்து, கூடு இல்லாத வெட்டையில் காலில் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். செய்வது என்னவோ அந்த வட்டத்தை வெட்டுகிற வேலைதான். வயிற்றில் கதகதப்பாக எதுவும் படாமல் இருந்தால் சில நாளில் புரோலாக்டின் இறங்கிவிடும். லெகோன் கோழியில் இந்த வட்டமே அநேகமாகத் தொடங்குவதில்லை. அடை கிடக்காத பேடுகளாகப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. முட்டை நிறைய இடும், குஞ்சுக்கு வேறு யாரையாவது பார்க்க வேண்டும்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். முட்டைக்கு வேண்டியது 37.5 சொச்சம். இந்த இடைவெளியைத் தன் தோலால் சரிக்கட்டுகிறது பேடு. குளிர்ந்த முட்டை அடைத்தோலில் பட்டால் அந்த இடத்து இரத்தக் குழாய்கள் விரிந்து கூடுதல் சூடான இரத்தத்தை அங்கே அனுப்புகின்றன. நமக்கென்றால் குளிர்ந்ததைத் தொட்டதும் விரலில் குழாய் சுருங்கும். அடைக்கோழிக்கு நேர்மாறு. இந்த ஒரு விசயத்தில்தான் என் பெட்டி தோற்றது. பல்புக்கு முட்டை எப்படி இருக்கிறது என்று தெரியாது, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அதே பல்பு முட்டையை வேகவைக்கப் பார்த்தது. கருவுக்குக் குளிரைவிடச் சூடுதான் பெரிய எமன். சில மணிநேரக் குளிரை அது தாங்கிவிடும், 40 பாகைக்கு மேலே போய் நின்றால் செத்துவிடக்கூடும். அதே மத்தியானம் பேட்டைப் போய்ப் பார்த்தால், வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, உடம்பை அரைவாசி தூக்கி, முட்டைக்குக் காற்றுப்படக் கிடக்கும்.

என் முட்டைகள் 15 நாள் வளர்ந்திருந்ததும் ஒரு அதிர்ஷ்டம். அந்த வயதுக் கரு தானே சூட்டை உண்டாக்கும். வன்னியில் பங்குனி இரவு அப்படியொன்றும் குளிர்வதும் இல்லை.

பெரியம்மா ஒன்பது, பதினொன்று என்று ஒற்றையாகத்தான் அடை வைப்பார், 13 தாண்ட விடமாட்டார். ஒற்றை இரட்டைக்கு அறிவியலில் விளக்கம் கிடையாது. ஆனால் 13 தாண்டாததற்கு உண்டு. பேடு நாளுக்குப் பலமுறை நடு முட்டையை ஓரத்துக்கும் ஓர முட்டையை நடுவுக்கும் மாற்றுகிறது. எல்லாம் அடைத்தோலுக்குக் கீழே அடங்கினால் இது எல்லாவற்றுக்கும் சமமாகச் சூடு பங்கிடும் வேலை. ஆசைப்பட்டு 20 வைத்தால் அதே வேலை வினையாகும். எப்போதும் ஏழெட்டு முட்டை வெளியே இருக்கும், ஆனால் எப்போதும் அதே ஏழெட்டு அல்ல. இன்றைக்கு இது குளிரும், நாளைக்கு அது. முடிவில் மிஞ்சின எட்டு மட்டும் கெடுவதில்லை, கூடு முழுக்கக் கெட்டுப்போகும்.

முட்டையை உருட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மஞ்சட்கரு, வெள்ளைக்கருவைவிடப் பாரம் குறைந்தது. அது மேலே மிதந்து, அதன் உச்சியில் இருக்கும் கரு ஓட்டின் உட்சவ்வுக்கு அருகே வந்துவிடும். அடைத்தோலுக்கு நேர் கீழே என்பதால் சூட்டுக்கு நல்லது. ஆனால் முதல் வாரத்தில் முட்டை அசையாமலே கிடந்தால் கரு சவ்வோடு ஒட்டிப்போகும், இரத்தக் குழாய்களும் ஒழுங்காகப் பரவாது. நான் காலை, மத்தியானம், இரவு என்று மூன்று தரம் திருப்பினேன். பேடு நடுச்சாமத்திலும் திருப்பும்.

சரி, அடை வைக்கும் வரை முட்டையை எங்கே வைப்பது? முட்டை இடப்படும்போதே கரு சில பத்தாயிரம் கலங்களோடு வளரத் தொடங்கியிருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் உறங்கிவிடும். இரண்டு கிழமையாக நாளுக்கொன்றாக இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிக்கும் அதிசயத்தின் இரகசியம் இந்த உறக்கம்தான். கோழி இறுக்கமாகக் கிடக்கத் தொடங்கும் நாள்தான் எல்லாக் கருவுக்கும் முதலாம் நாள். ஆனால் 20 பாகைக்குக் கீழே போனால்தான் கரு ஒழுங்காக உறங்கும். எங்கள் ஊரில் வீட்டுக்குள் 28, 30 என்று நிற்கும். கரு உறக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் அரைகுறையாக வளர்ந்து களைத்துப்போகும். அதனால் ஒரு கிழமைக்கு மேற்பட்ட முட்டையைப் பெரியம்மா கறிச்சட்டிக்கே அனுப்புவார். மிச்சத்தை மண் போட்ட சட்டியில் வைத்து, சட்டியைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டுவிடுவார். சாக்குத் தண்ணீர் ஆவியாகும்போது சட்டிச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று, பலர் நம்பமாட்டார்கள்: சேவலைக் கறியாக்கிய பிறகும் ஏறத்தாழ இரண்டு கிழமை வரை பேடு கருக்கட்டிய முட்டை இடலாம். முட்டைக் குழாயில் நுண்ணிய பைகளில் விந்தைச் சேமித்து வைத்திருக்கும்.

முட்டை மூச்சு விடும் பொருள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. 60 கிராம் முட்டை ஒன்று 21 நாளில் ஏறத்தாழ 6 லீற்றர் ஒட்சிசனை உள்ளே எடுத்து, 4.5 லீற்றர் காபனீரொட்சைட்டையும் 11 லீற்றர் நீராவியையும் வெளியே விடுகிறது. அந்த நீராவியின் நிறை 9 கிராம். இந்தளவு தண்ணீர் போயே ஆக வேண்டும், போன இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெருக்கும். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் அளவுக்கு மிஞ்சிப் போய்க் குஞ்சு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டுக்கு அடியில் மண் போட்டு அதன்மேல் வைக்கோல் பரப்புவதும், அந்த மண்ணில் இடைக்கிடை கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதும் இதற்கு நல்ல மருந்து. முட்டையைக் கழுவி வைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: ஓட்டின் மேலே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கிருமியைத் துளைக்குள் விடாமல் தடுப்பது அது. கழுவினால் அதுவும் போகும்.

கூட்டில் கரித்துண்டும் இரும்பாணியும் செத்தல் மிளகாயும் வைக்காமல் பெரியம்மா அடை வைத்ததில்லை. இடி முட்டையைக் கலக்கிவிடுமாம், இரும்பு அதைத் தடுக்குமாம். இடிச்சத்தம் கருவைக் கொல்வதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு கொட்டும் மழை கூட்டை நனைக்கும், பேடு வெருண்டு எழும்பி ஓடும், முட்டை நனைந்து குளிரும். பழி இடிக்குப் போய்விடுகிறது. கரித்துண்டால் நான் கண்ட பலன் வேறு. அடை வைத்த முட்டைகளில் கரியால் கோடு போட்டுவிடலாம். மற்றக் கோழிகள் வந்து அதே கூட்டில் இட்டுவிட்டுப் போகும் முட்டைகள் கோடில்லாமல் தனியே தெரியும்.

ஏழாம் நாள் இரவு ரோச் லைற்றை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்தால், நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போலப் பரவும் சிவப்புக் கோடுகளும் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சமாக இருந்தால் கருக்கட்டாதது. அரிஸ்டோட்டில் ரோச் லைற் இல்லாமலே இதைச் செய்தார். நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்ததும் இதயம் இரத்தப் புள்ளியாகத் துடிப்பதை 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

இத்தனை நாளும் பேடு என்ன தின்கிறது? நாளுக்கு ஒருதரம் எழும்பும். அரை மணிக்குள் தின்று, குடித்து, புழுதி குளித்து, ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு ஓடிவந்துவிடும். தீனியைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாலும் வழக்கம்போலத் தின்னாது, உடம்பு மெலியத்தான் செய்யும். பசியின் அளவையே உடம்பு இறக்கி வைத்துவிடுகிறது.

இருபதாம் நாள் அளவில் குஞ்சுக்குள் காபனீரொட்சைட்டு கூடுகிறது. துளை வழியாக வரும் காற்று இனிப் போதாது. கழுத்துத் தசை இழுக்க, அலகு நுனியிலிருக்கும் சின்ன முட்டைப்பல் சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் போகிறது. நுரையீரலுக்கு முதல் மூச்சு. அப்போதுதான் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்துவது கேட்கும். பேடு மெதுவாகக் 'கொறுக், கொறுக்' என்று பதில் கொடுக்கும். பிறகு ஓட்டில் ஒரு பொத்தல். எலும்புக்கு வேண்டிய கல்சியத்தை ஓட்டிலிருந்தே உறிஞ்சி எடுத்திருப்பதால் ஓடும் கொஞ்சம் இளகியிருக்கும். பொத்தல் விழுந்ததும் பல மணிநேரம் எந்த அசைவும் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குத்தான் பொறுமை போகும்.

எனக்குப் போனது. ஒரு முட்டையை எடுத்து நகத்தால் ஓட்டைக் கழற்றினேன். சவ்வில் இரத்தம் கசிந்தது. அந்த அமைதியான நேரத்தில்தான் சவ்விலிருக்கும் இரத்தம் குஞ்சுக்குள் வடிந்து முடிகிறது, மிச்ச மஞ்சட்கருவும் வயிற்றுக்குள் இழுபடுகிறது. வேலை முடிந்ததும் குஞ்சு சுழன்று சுழன்று ஓட்டைச் சுற்றி வெட்டித் தானே வெளியே வரும். நான் கழற்றிய குஞ்சு வரவில்லை.

வயிற்றுக்குள் போன அந்த மஞ்சட்கரு இரண்டு மூன்று நாளைக்குச் சாப்பாடு. அதனால்தான் முதலில் வந்த குஞ்சைப் பட்டினி போடாமலே பேட்டால் பிந்தி வருவதற்காகக் காத்திருக்க முடிகிறது. அதன் கணக்கும் இங்கேதான் முடிகிறது. வயிற்றுக்குக் கீழே அசைவும் சத்தமும் வந்ததும் புரோலாக்டின் இறங்கத் தொடங்கும், அடைக்கோழி தாய்க்கோழியாகும்.

பேட்டுக்குக் கீழே முட்டை வைத்த ஏழாம் நாள் காலை அது ஒன்பது குஞ்சோடு கொட்டிலை விட்டு இறங்கியது. கூட்டில் இரண்டு முட்டை மிச்சம். பெரியம்மா ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "கூழ்" என்று எருக்குவியலில் வீசினார். பிறகு வேலிக்கரைக் கறையான் புற்றில் ஒரு கட்டியை மண்வெட்டியால் கிண்டி வந்து முற்றத்தில் உடைத்தார். பேடு ஒரு கறையானைக் கொத்தி, தின்னாமல், திரும்பத் திரும்பக் கீழே போட்டுக் கேரியது. ஒன்பதும் ஓடிவந்தன. பாலை மரத்துக்கு மேலே பருந்தின் நிழல் திரும்பியபோது பேடு வேறு ஒரு குரலில், நீளமாக ஒரே ஒருதரம் கத்தியது. முற்றத்தில் ஒரு குஞ்சும் இல்லை.