அத்தியாவசியப் பணியும் இன்றியமையாப் பணியும்

2020 ஏப்ரல் முதல் வாரத்தில், பாம்பனில் ஊரடங்குக்காகச் சாலையில் போட்டிருந்த தடுப்பு ஒன்றின் அருகே, அன்னக்கூடையில் சூடை மீனோடு நின்ற ஓர் அம்மாளைப் பார்த்தேன். கரையோரத்தில் வீச்சுவலையில் பட்ட மீன் அது; ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். காவலுக்கு நின்றவர், "இது அத்தியாவசியமா?" என்று கேட்டார். "அது என்னான்னு எனக்குத் தெரியாதுய்யா. இதை வித்துட்டுப் போகலைன்னா வீட்டுல உலை வைக்க முடியாது. இது இல்லாம எங்களுக்கு ஆகாது" என்றார் அம்மாள். காவலர் சற்று யோசித்துவிட்டு வழிவிட்டார். அந்தக் கேள்வியில் இருந்த சொல்லையும் விடையில் இருந்த சொற்றொடரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

அத்தியாவசியம் வடசொல். 'அதி' என்ற முன்னொட்டும் 'ஆவசியகம்' என்ற சொல்லும் புணர்ந்து 'அத்யாவசியகம்' ஆகி, தமிழில் அத்தியாவசியம் என்று நின்றது. அதன் வேரில் இருப்பது 'வசம்'. வசப்படுதல், பரவசம், 'அது என் வசத்தில் இல்லை' என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே வசம்தான். அதற்கு எதிர்மறை முன்னொட்டுச் சேரும்போது, நம் விருப்பத்தின் வசத்தில் இல்லாதது, தட்டிக்கழிக்க முடியாதது என்ற பொருளில் 'அவசியம்' பிறக்கிறது. 'அதி' என்றால் மிகுதி. ஆகவே அத்தியாவசியம் என்பதற்கு 'மிகவும் தவிர்க்க முடியாதது' என்பதே நேர்பொருள். 'மிகவும் அத்தியாவசியமான' என்று எழுதுவோர் மிகுதியை இருமுறை சொல்கிறார்கள் என்பதையும் இங்கேயே குறித்துவிடலாம்.

இச்சொல்லுக்கு இன்றுள்ள ஆட்சிப் பொருள், 'எசென்ஷியல்' என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பாக வந்தது. ஆங்கிலச் சொல்லின் மூலமோ 'இருத்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினை. ஒரு பொருளை அப்பொருளாக இருக்கச் செய்யும் சாரம் எதுவோ அதைக் குறித்தது. சட்டம் அதை எடுத்துக்கொண்டபோது சாரம் போய்ப் பட்டியல் வந்தது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் பண்டங்களைப் பட்டியலிட்டது. 1968இல் வந்த எஸ்மா என்னும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பணிகளைப் பட்டியலிட்டு, அவற்றில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. தமிழ்நாட்டுக்கென 2002இல் இயற்றப்பட்ட டெஸ்மாவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியரும் ஆசிரியரும் அச்சட்டத்தின்கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 'உன் பணி அத்தியாவசியமானது' என்று சட்டம் சொன்னபோது, அது ஊழியருக்குப் பாராட்டாக வரவில்லை. 'நீ நிறுத்தக் கூடாது' என்ற கட்டளையாகவே வந்தது.

பெருந்தொற்றில் அதே சொல் இன்னொரு வேலையையும் சேர்த்துப் பார்த்தது. யார் கதவைத் திறக்கலாம், யார் மூட வேண்டும் என்று பிரித்தது. 2020 மார்ச் 24 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஊரடங்கு ஆணையில், திறந்திருக்கலாம் என்று விலக்களிக்கப்பட்ட கடைகளின் வரிசையில் நியாயவிலைக் கடை, மளிகை, காய்கனி, பால் ஆகியவற்றோடு இறைச்சியும் மீனும் இருந்தன. கடலுக்குப் போய் மீன் பிடிப்பது அதில் இல்லை. மீன் விற்பது முதல் நாளிலிருந்தே அத்தியாவசியம். மீன் பிடிப்பது கடல்மீன்பிடிப்புக்கும் அதைச் சார்ந்த தொழில்களுக்கும் விலக்களிக்கும் ஆணை வந்த ஏப்ரல் 10 அன்றுதான் அத்தியாவசியமானது. ஐந்தே நாளில், ஏப்ரல் 15 அன்று, கிழக்குக் கரையின் வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் மறுபடி கரையில் கட்டிப்போடப்பட்டன. வழக்கமாக 61 நாள் நீளும் அத்தடை, அவ்வாண்டு மே 31 வரை 47 நாளாகக் குறைக்கப்பட்டது. மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் படகு வைத்திருப்பவரிடம் கேட்டால், அந்த வசந்தகாலத்தை 'தொழில் இல்லாத மாசங்கள்' என்பார். கடலுக்குப் போவதைத்தான் இக்கரையில் 'தொழில்' என்பது வழக்கம். பிடிக்காத மீனை எப்படி விற்பது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதினேழு நாள் இடமில்லாமல் போனதற்கு, பட்டியல் எழுதியவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சொல்லிலேயே அந்தக் குறை இருக்கிறது. அத்தியாவசியம் என்ற சொல் ஒரு பொருளைத் தனியே தூக்கி நிறுத்தி, அதன்மேல் 'மிகத் தேவை' என்று முத்திரை குத்துகிறது. எதற்கு, யாருக்கு என்று அது கேட்பதில்லை.

'இன்றியமையாமை' கேட்கிறது. இதுவே அச்சொல்லுக்குரிய தமிழ். புதிதாகப் புனைய வேண்டியதில்லை. 'இன்றி' என்பது இல்லாமல் என்று பொருள்படும் குறிப்பு வினையெச்சம். 'அமை' என்ற வினைக்குப் பொருந்துதல், நிலைகொள்ளுதல், போதுமாதல், உண்டாதல் எனப் பொருள்கள் பல. அமைதியும் அமைப்பும் அதன் வழி வந்தவை. 'அமையா' என்பது அதன் எதிர்மறை. ஒன்று இல்லாமல் இன்னொன்று நிலைகொள்ளாது என்பது மொத்தப் பொருள். இச்சொல்லுக்குள் எப்போதும் இரண்டு இடங்கள் இருக்கின்றன: எது இன்றி, எது அமையாது. இரண்டில் ஒன்றை நிரப்பாவிட்டால் சொற்றொடர் முடியாமல் தொங்கும்.

நற்றிணையின் முதல் பாட்டில் கபிலர், 'நீரின்று அமையா உலகம் போலத் தம்மின்று அமையா நம்நயந் தருளி' என்கிறார். நீர் இல்லாமல் உலகம் இல்லை, அவர் இல்லாமல் நாம் இல்லை என்று தலைவி தன் தோழியிடம் சொல்லும்போது, இரண்டு இடங்களும் இருமுறை நிரம்புகின்றன. வள்ளுவர் வான்சிறப்பில் 'நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு' என்று சொல்லும்போது, 'யாருக்கு?' என்ற மூன்றாவது கேள்விக்கும் 'யார்யார்க்கும்' என்று விடை வைத்துவிடுகிறார். (இவற்றில் வரும் 'இன்று' இந்த நாளைக் குறிப்பதன்று, 'இன்றி' என்பதன் இறுதி இகரம் செய்யுளில் உகரமாகத் திரிந்தது.) தூது அதிகாரத்தில், தூதுரைப்பார்க்கு 'இன்றி யமையாத மூன்று' எவை என்று எண்ணிச் சொல்கிறார். மானம் அதிகாரத்தில் 'இன்றி அமையாச் சிறப்பின ஆயினும் குன்ற வருப விடல்' என்று எழுதும்போது, அது இல்லாமல் வாழ முடியாது என்ற நிலையிலும் குடிப்பெருமை குன்றுமானால் அதை விட்டுவிடு என்கிறார். வானம் பார்த்த பூமியான இராமநாதபுரத்துக்காரருக்கு முதலிரண்டு மேற்கோள்களையும் விளக்கத் தேவையில்லை. ஊருணியும் கண்மாயும் வறண்ட ஆண்டில் அவை அப்படியே விளங்கும்.

பாம்பனில் அந்த அம்மாள் சொன்னது இதைத்தான். 'இது இல்லாம எங்களுக்கு ஆகாது' என்பதில் 'இல்லாம' என்பது இன்றி; 'ஆகாது' என்பது அமையாது; 'எங்களுக்கு' என்பது யாருக்கு என்ற கேள்விக்கு விடை. ஏட்டில் கடினமாகத் தெரியும் இச்சொல் கரையில் எந்நாளும் புழக்கத்தில் இருக்கிறது. ஐஸ் இல்லாமல் தொழில் ஆகாது. ஐஸ் உடைக்க ஆள் இல்லாமல் ஐஸ் ஆகாது. மீன் வாங்க வியாபாரி வராமல், பெட்டி ஏற்ற வண்டி வராமல், ஏலம் ஆகாது. ஒன்றைத் தொட்டால் அடுத்தது வருகிறது. தங்கச்சிமடத்தில் வலை பொத்துபவரும், தேவிபட்டினத்தில் நண்டுச் சதை எடுக்கும் பெண்ணும், கடற்பாசி எடுக்கத் தீவுக்குப் போகிறவரும் இந்தத் தொடரில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறார்கள். முத்திரை குத்தும் சொல்லால் இத்தொடரைக் காட்ட முடியாது.

இதே காலத்தில் அடிபட்ட இன்னொரு சொல் 'லே-ஆஃப்'. செய்தித்தாள்கள் இதை ஆட்குறைப்பு என்றும் பணிநீக்கம் என்றும் மாறிமாறி எழுதின. அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இவை வேறுவேறு. மூலப்பொருள் தட்டுப்பாடு, இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால், வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளருக்கு முதலாளி வேலை தர இயலாமற்போவதே லே-ஆஃப். தொழிலாளரின் பெயர் பதிவேட்டிலேயே இருக்கும். அதைப் 'பணி நிறுத்திவைப்பு' என்பதே சரி. பெயரை எடுத்துவிடுவதுதான் ஆட்குறைப்பு. பணி நிறுத்திவைக்கப்பட்டவருக்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதியை ஈடாகத் தர வேண்டும் என்றது சட்டம். ஆனால் ஐம்பதுக்குக் குறைவானோர் வேலைசெய்யும் இடங்களுக்கு அந்த விதி பொருந்தாது.

இக்கரையில் படகுக்குப் போகிறவருக்குப் பங்கு உண்டு, சம்பளம் இல்லை. பிடித்த மீனை விற்று, டீசலும் ஐஸும் கழித்து, மிஞ்சியதில் பங்கு. அவருக்குப் பதிவேடே கிடையாது. ஆகவே 2020 வசந்தத்தில் அவர் பணி நிறுத்திவைக்கப்படவும் இல்லை, ஆட்குறைப்புச் செய்யப்படவும் இல்லை. வேலை மட்டும் இல்லை. ஊரடங்கு நாள்களுக்கும் ஊதியத்தைக் குறைக்காமல் தர வேண்டும் என்று மார்ச் 29 அன்று வந்த ஆணை அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க முடியாது. எந்தச் சொல்லுக்குள்ளும் அகப்படாதவரை எந்தக் கணக்கிலும் எழுத முடிவதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கிறது.

சிறுதொழிலுக்கான நிவாரணத்திலும் இதுவே நடந்தது. (நிவாரணம் என்றால் தடுத்து விலக்குதல், இடர்நீக்கம் என்பது அதற்கு நேரான தமிழ்.) 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், பிப்ரவரி 29 அன்று ஏற்கெனவே கடன் நிலுவை உள்ளவருக்கு அந்நிலுவையில் 20 விழுக்காட்டை மேலும் கடனாகத் தந்தது. வங்கியில் கடனே வாங்கியிராத கருவாட்டு வியாபாரிக்கு எதில் 20 விழுக்காடு? இராமேசுவரம் கோயிலைச் சுற்றிச் சங்கும் பாசிமணியும் விற்றவர்களுக்கு, தெருவோர வணிகருக்கென 2020 ஜூனில் வந்த 10,000 ரூபாய்க் கடன் ஓரளவு பொருந்தியது. ஆனால் ஆகஸ்ட் முடிய கோயிலே திறக்கவில்லை. 2020 ஜூலை முதல், முதலீடு ஒரு கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய்க்கும் மிகாததெல்லாம் 'குறுந்தொழில்' என்றானது. அன்னக்கூடையும் ஐந்து கோடியும் ஒரே பெயரில்!

எழுதுவோருக்குச் சில குறிப்புகள். 'இன்றியமையாத பணி' என்று எழுதினால் ஒற்று மிகாது. ஈறு கெட்டு 'இன்றியமையா' என்று நிற்கும்போது 'இன்றியமையாப் பணி' என ஒற்று மிகும். தமிழக அரசின் ஆவணங்களில் 'இன்றியமையாப் பண்டங்கள்' என்ற ஆட்சி ஏற்கெனவே உள்ளது. 'மிக இன்றியமையாத' என்று எழுதுவது பிழை. அவசியத்துக்கு மேல் அத்தியாவசியம் என்று படி உண்டு; இன்றியமையாமைக்குப் படி கிடையாது, அமையும் அல்லது அமையாது.

'எசென்ஷியல் வொர்க்கர்' என்பதற்கு 'இன்றியமையாப் பணியாளர்' என்று எழுதும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். இத்தொடரை இருவிதமாகப் பிரிக்கலாம். இன்றியமையாத பணியைச் செய்பவர் என்பது ஒன்று. இன்றியமையாதவராகிய பணியாளர் என்பது மற்றொன்று. முதலாவதன்படி பணிதான் இல்லாமல் ஆகாது, ஆளை மாற்றிக்கொள்ளலாம். பெருந்தொற்றில் தூய்மைப் பணியாளரையும் ஐஸ் உடைப்பவரையும் வண்டி ஓட்டியவரையும் நாம் முதல் பொருளில்தான் அழைத்தோம். அவர்களுக்குக் காய்ச்சல் வந்த நாளில் வேறொருவரை நிறுத்தினோம். இரண்டாவது பொருளில் எழுத விரும்புவோர், தொடரைச் சற்று நீட்டி, 'இவரின்றி இது அமையாது' என்று யார், எது என்ற இரண்டு இடங்களையும் நிரப்பியே எழுத வேண்டியிருக்கும்.